கழுதைக்கு ஒரு மூட்டைக் கம்பு

காம்பியா ஆற்றின் வடகரையில் ஃபலிகுண்டா என்றோர் ஊர். மண்டிங்கா மொழியில் ஃபலி என்றால் கழுதை. குண்டா என்றால் வீடு. ஆகவே அவ்வூரார் வெளியூர்களில் தம் ஊர்ப்பெயரை மெல்லிய குரலில்தான் சொல்வார்கள்.

அவ்வூரில் யங்குபா என்பவர் இருந்தார். பாணர் குலத்தில் பிறந்தவர். ஊர்களின் வரலாற்றைப் பாடுவது அக்குலத்தின் தொழில். ஆனால் யங்குபா இளமையில் அத்தொழிலைவிட்டு ஓடி, படகுத்துறையில் இருபது ஆண்டுகள் பயணச்சீட்டுக் கிழித்தார். ஐம்பதாம் வயதில் மனம் மாறி, பக்கத்து ஊரில் இருந்த பாடினி திடாவிடம் மாணவராகச் சேர்ந்தார்.

அப்போது திடாவுக்கு வயது முப்பத்திரண்டு. ஆகவே ஆசிரியர் மாணவரை "அண்ணா" என்று அழைத்தார்; மாணவர் ஆசிரியரை "அம்மா" என்று அழைத்தார். இதில் அவர்கள் இருவருக்கும் குழப்பம் இல்லை. மற்றவர்களுக்கு இருந்தது.

ஆறு ஆண்டுகள் கழிந்தன. மழைக்காலத்தின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சிவேளையில், யங்குபா ஆசிரியரின் வீட்டு முற்றத்துக்கு வந்தார். திடா உணவுக் கிண்ணத்தின் முன் அமர்ந்திருந்தார்.

"வாருங்கள், அண்ணா. சாப்பிடலாம்."

"இப்போதுதான் சாப்பிட்டேன், அம்மா."

அவர் வாயில் பல்குச்சி இருந்தது. உண்டு முடித்தவர்கள் பல்குச்சி மெல்வது வழக்கம். யங்குபாவின் வாயிலிருந்து அந்தக் குச்சி பத்து நாட்களாக இறங்கவே இல்லை. அறுவடைக்கு இன்னும் பல வாரங்கள் இருந்தன. வீடுகளில் களஞ்சியம் காலியாகும் காலம் அது. காற்சட்டை நழுவாமலிருக்க அவருடைய இடுப்புக் கயிற்றில் புதிதாக இரண்டு முடிச்சுகள் விழுந்திருந்தன.

திடா முடிச்சுகளைப் பார்த்தார். குச்சியையும் பார்த்தார். கிண்ணத்தை மூடிவைத்தார்.

"கேட்க வந்ததைக் கேளுங்கள்."

"ஃபலிகுண்டா என்னும் பெயரின் பொருள் என்ன, அம்மா?"

"கழுதை வீடு."

"அது எனக்கும் தெரியும்."

"தெரிந்ததை ஏன் கேட்கிறீர்கள்?"

"வியாழக்கிழமைக்குள் வேறு பொருள் வேண்டும்."

பிறகு அவர் நடந்ததைச் சொன்னார். ஊர் வழியாகத் தார்ச்சாலை வருகிறது. சாலையோரத்தில் ஊருக்கோர் அறிவிப்புப் பலகை நடப்போகிறார்கள். பலகையில் பெயரும், பெயருக்குக் கீழே பொருளும் எழுதப்படும். எழுதுபவர் வியாழக்கிழமை வருகிறார். ஊர்த்தலைவர் துமானி சன்யாங் இரண்டு நாட்களாக உறங்கவில்லை.

"என்ன சொல்கிறார்?"

"வியாழக்கிழமை ஊர்க்கூட்டத்தில் நான் எழுந்து ஊர்ப்பெயரின் வரலாற்றைப் பாட வேண்டும். பொருள் பெருமையாக இருந்தால் ஃபலிகுண்டாவின் பாணர் நான்தான். இல்லையென்றால் ஊரின் பெயரை மன்சாகுண்டா, அதாவது அரசன் வீடு, என்று மாற்றிவிடுவார். பாடும் பொறுப்பையும் தென்கரையைச் சேர்ந்த ஒரு பாணரிடம் கொடுத்துவிடுவார்."

"அந்த அரசன் யார்?"

"இன்னும் தெரியவில்லை. தென்கரைப் பாணர் இரண்டே நாளில் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம்."

"நீங்கள் என்ன கண்டுபிடித்தீர்கள்?"

யங்குபா மடியிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்தார். படகுத்துறையிலிருந்து கொண்டுவந்த, கோடு போட்ட குறிப்பேடு. பாணர்கள் எதையும் எழுதிவைப்பதில்லை. இதைத் திடா ஆறு ஆண்டுகளாகச் சொல்லி வந்தார். யங்குபா அதையும் அந்தக் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தார்.

"ஐந்து பொருள்கள் கிடைத்தன, அம்மா. முதலாவது: ஊரை நிறுவியவர் நூறு குதிரைகளோடு வந்தார். பொறாமை கொண்ட பகைவர்கள் அவற்றைக் கழுதைகள் என்று பரப்பிவிட்டார்கள்."

"இதைச் சொன்னவர் ஊர்த்தலைவர்."

"ஆம். இரண்டாவது: மறைநூல்கள் இந்த ஊருக்கு ஒரு கழுதையின் முதுகில் வந்தன."

"இமாம்."

"ஆம். மூன்றாவது: கழுதைகளோடு வந்த உப்பு வணிகர்கள் இங்கேதான் தங்கினார்கள், ஊரே அவர்களால்தான் பிழைத்தது."

"உப்புக் கடைக்காரர்."

"நான்காவது: ஒரு கழுதை, வேலை எதுவும் செய்யாமல் படுத்துக்கிடந்து, சரியான நேரத்தில் ஒரே ஓர் உதை உதைத்துச் சிங்கத்தைக் கொன்றது."

திடா சற்று யோசித்தார். "இதைச் சொன்னவர் யார்?"

"என் மனைவியின் தம்பி."

"அவருக்கு என்ன வேலை?"

"வேலை இல்லை, அம்மா."

"ஐந்தாவது?"

யங்குபா குறிப்பேட்டை மூடினார். "ஐந்தாவதைச் சொன்னவர் கௌசு ஜட்டா. அங்கே கழுதைகள் வாழ்வதால் அந்தப் பெயர் என்றார்."

இதைக் கேட்டுத் திடா வியப்படையவில்லை. சன்யாங் குலத்தாரும் ஜட்டா குலத்தாரும் கேலி உறவினர். மண்டிங்கா மக்களில் சில குலங்களுக்கிடையே அப்படியோர் உறவு உண்டு. கேலி உறவினர் எவ்வளவு இழிவாகப் பேசினாலும் சினம் கொள்ளக் கூடாது. கேலியோடு எதைக் கொடுத்தாலும் மறுக்கக் கூடாது. சினம் கொண்டவர் ஊரார் முன்னிலையில் கோலாக் கொட்டை வைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அந்த உறவு ஜட்டாக்களுக்கு நன்றாகப் பயன்பட்டது. ஃபலிகுண்டாவில் திருமணமானாலும் பெயர் சூட்டுவதானாலும் கூட்டமானாலும், அவர்களில் மூத்தவர் சன்யாங் வீட்டு வாசலில் நின்று கழுதைபோல் கத்துவார். "கழுதைகள் எந்த வீட்டில்?" என்று கேட்பார். வீட்டுக்காரர் "இந்த வீட்டில்தான்" என்று சொல்லி இரு கைகளையும் நீட்ட வேண்டும். ஜட்டா அந்தக் கைகளில் கம்பைக் கொட்டுவார். பிறகுதான் உள்ளே வருவார். இது ஏன் என்று கேட்டால் இரு குலத்தாருமே வழக்கம் என்றார்கள்.

துமானி சன்யாங் தலைவராகப் பதவியேற்ற நாளிலும் இது நடந்தது. அன்று வட்டார அதிகாரியும் வந்திருந்தார். அந்த நாளைத் துமானி மறக்கவில்லை, அதிகாரியும் மறக்கவில்லை.

"ஆகவே, அம்மா," என்றார் யங்குபா, "இந்த ஐந்தில் எது உண்மை?"

திடா எழுந்தார். "வியாழக்கிழமை வரை என் கழுதையை உங்கள் வீட்டில் கட்டிவையுங்கள்."

"ஏன், அம்மா?"

"என் தொழுவத்தின் கூரை ஒழுகுகிறது."

யங்குபா தொழுவத்தைப் பார்த்தார். கூரை சென்ற வாரம் வேய்ந்தது. வைக்கோலின் மஞ்சள் நிறம்கூட மாறவில்லை. ஆனால் ஆசிரியரிடம் இரண்டாவது முறை கேட்பது முறையன்று என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தது.

கழுதை வந்தது. கிழட்டுக் கழுதை. அதன் பெயர் ஆளுநர். பிறர் சொல்வதைக் கேட்காது. யாரும் கேட்காதபோது சொல்லும். அதன் முதுகில் ஒரு பெரிய மூட்டை இருந்தது.

"இது என்ன?"

"அதன் தீனி. கம்பு."

"நான்கு நாட்களுக்கு இவ்வளவா?"

"நன்றாகத் தின்னும்."

"மீந்ததை வியாழக்கிழமை திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறேன்."

"கூடாது. திரும்பி வரும் தீனியைப் பார்த்தால் அதன் மனம் நோகும்."

யங்குபா ஆளுநரின் முகத்தைப் பார்த்தார். எளிதில் மனம் நோகக்கூடிய முகமாக அது தெரியவில்லை. ஆயினும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

வீட்டில் அவர் மனைவி ஞாலிங் அடுப்பில் கீரை வேகவைத்துக்கொண்டிருந்தார். நான்கு நாட்களாக அதே கீரை. அவர் மூட்டையைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"கம்பு."

"ஆம்."

"யாருக்கு?"

"கழுதைக்கு."

ஞாலிங் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

யங்குபா ஒரு கிண்ணம் கம்பை அளந்து கழுதையின் முன் வைத்தார். ஆளுநர் முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலியைத் தின்னத் தொடங்கியது.

"தின்னவில்லையே," என்றார் யங்குபா.

ஞாலிங் வந்து ஆளுநரின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். "கடைவாயில் பல்லே இல்லை. முழுக் கம்பை எப்படி மெல்லும்? குத்திக் கொடுக்க வேண்டும்."

அவர் கம்பை உரலில் இட்டுக் குத்தினார். மாவை வைத்தார். ஆளுநர் பார்க்கவில்லை.

"பச்சை மாவு தொண்டையில் அடைக்கும். ஆவியில் வேகவைக்க வேண்டும்."

"கழுதைக்கா?"

"கிழட்டுக் கழுதை. உங்கள் ஆசிரியருடைய கழுதை. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?"

ஆவியில் வெந்த கம்பு வந்தது. முற்றம் முழுவதும் அதன் மணம் பரவியது. ஆளுநர் வேலியின் அடுத்த குச்சிக்குப் போனது.

"வெறும் கம்பை யார் தின்பார்கள்?" என்றார் ஞாலிங். "கைப்பிடி நிலக்கடலை இருக்கிறது. குழம்பு வைக்கிறேன்."

"கழுதைக்குக் குழம்பா, ஞாலிங்?"

"ஆளுநர் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்."

குழம்பு ஊற்றிய கிண்ணத்தை மூன்று பேருக்கும் நடுவில் வைத்தார்கள். ஆளுநர் வேலியோடு நின்றுகொண்டது. மற்ற இருவரும் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள்.

"ஆறிப்போனால் கழுதையின் வயிற்றுக்கு ஆகாது," என்றார் ஞாலிங்.

"உப்புச் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன்," என்றார் யங்குபா.

அவர் உப்புப் பார்த்தார். ஞாலிங்கும் உப்புப் பார்த்தார். ஓரிடத்தில் சரியாக இருந்தால் இன்னோரிடத்திலும் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே கிண்ணத்தின் அடிவரை பார்த்தார்கள்.

திங்கட்கிழமையும் ஆளுநருக்காகச் சமைத்தார்கள். செவ்வாய்க்கிழமை அது வேலியை முடித்துவிட்டு, திறந்திருந்த கதவின் வழியே தலையை நீட்டி, யங்குபாவின் குறிப்பேட்டைத் தின்றது. ஐந்து பொருள்களையும் தின்றது. பாணர்கள் எதையும் எழுதிவைப்பதில்லை என்ற குறிப்பையும் தின்றது.

புதன்கிழமை காலையில் யங்குபா ஆசிரியரிடம் வந்தார். வாயில் பல்குச்சி இருந்தது. இடுப்புக் கயிற்றில் ஒரு முடிச்சு அவிழ்ந்திருந்தது.

"ஒரு குறையைச் சொல்ல வந்தேன், அம்மா."

"யாரைப் பற்றி?"

"ஆளுநரைப் பற்றி. என் குறிப்பேட்டைத் தின்றுவிட்டது."

"பொருள்கள் எப்படி இருந்தனவாம்?"

"அது ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கு என்னிடம் ஒரு பொருளும் இல்லை. இந்த வயதில் என்னால் மீண்டும் படகுத்துறைக்குப் போக முடியாது, அம்மா. இப்போது அங்கே சீட்டுக் கிழிக்க இயந்திரம் வைத்துவிட்டார்கள்."

"கம்பைத் தின்றதா?"

யங்குபா பல்குச்சியை ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்க்குத் தள்ளினார்.

"அண்ணா, ஆளுநர் கம்பைத் தின்றதா?"

"தின்னவில்லை."

"மூட்டை அப்படியே இருக்கிறதா?"

"குறைந்துகொண்டே வருகிறது."

"தின்னாத கழுதை இருக்கும் வீட்டில் தீனி எப்படிக் குறையும்?"

யங்குபா தம் கால் விரல்களைப் பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமை அந்த மூட்டையை உங்களுக்கு என்று சொல்லிக் கொடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?"

"இப்போதுதான் சாப்பிட்டேன் என்று சொல்லியிருப்பேன்."

"நான் யாருக்கு என்று சொல்லிக் கொடுத்தேன்?"

"கழுதைக்கு என்று."

"கழுதை எந்த வீட்டில்?"

யங்குபா பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. பல்குச்சி கீழே விழுந்தது. அதே கேள்வி, பிறந்த நாள்முதல் ஒவ்வொரு திருமணத்திலும் அவர் காதில் விழுந்த கேள்வி.

குச்சியைக் குனிந்து எடுத்துக்கொண்டு, "அம்மா," என்றார், "ஜட்டாக்கள் கேலி செய்ய வரும்போது ஏன் கம்பைக் கொண்டுவருகிறார்கள்? கேலிக்குக் கத்தினாலே போதுமே."

"நாளைக்குப் பாடப்போவது நீங்கள்தான்," என்று சொல்லிவிட்டுத் திடா தம் வேலையைப் பார்க்கப் போனார்.

வியாழக்கிழமை காலையில் இலவ மரத்தடியில் ஊர் கூடியது. அறிவிப்புப் பலகை மரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் பலகை எழுதுபவர் வண்ண டப்பாவைத் திறந்து, தூரிகையை நனைத்து, காத்திருந்தார். துமானி சன்யாங் கஞ்சி போட்ட நீல அங்கி அணிந்திருந்தார். திடா தாளம் தட்டும் இரும்புத் தடியோடு ஓர் ஓரத்தில் அமர்ந்திருந்தார்.

யங்குபா தம் கோரா யாழின் நரம்புகளை முறுக்கிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தின் விளிம்பிலிருந்து ஒரு கழுதை கத்தியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கழுதை இல்லை, கௌசு ஜட்டா.

"கழுதைகள் எந்த வீட்டில்?"

துமானி பலகை எழுதுபவரை ஒருமுறை பார்த்தார். "ஜட்டா, இன்றைக்கு மட்டும் வேண்டாம்."

"சினமா, தலைவரே?"

"சினம் இல்லை."

"கோலாக் கொட்டை விலை ஏறியிருக்கிறது. சொல்லி வைத்தேன்."

"சினம் இல்லை என்கிறேன். இந்த வீட்டில்தான்."

துமானி இரு கைகளையும் நீட்டினார். கௌசு ஜட்டா பையை அவிழ்த்துக் கம்பைக் கொட்டினார். வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகவே கொட்டினார். அந்தக் கம்பைத் தரையில் சிந்தக் கூடாது என்பது வழக்கம். வழக்கமாக யாராவது கூடை கொண்டுவருவார்கள். ஆனால் அதற்குள் கோரா ஒலிக்கத் தொடங்கிவிட்டது. பாட்டு தொடங்கிய பிறகு எழுந்து நடப்பது முறையன்று. ஆகவே ஊர்த்தலைவர் குவித்த கைகளில் கம்போடு அமர்ந்து வரலாற்றைக் கேட்டார்.

யங்குபா பாடினார்.

இரண்டு ஆண்டுகள் மழை பெய்யாத காலம் ஒன்று இருந்தது. அப்போது இந்த இலவ மரத்தடியில் ஒரே ஒரு வீடு இருந்தது. அது முதல் சன்யாங்கின் வீடு. அவர் மானம் உள்ளவர். வீட்டில் ஒரு மணி தானியம் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் உச்சிவேளையில் அடுப்பு மூட்டி, பானையில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைப்பார். புகை வெளியே தெரிய வேண்டும் அல்லவா? பிறகு வாயில் பல்குச்சியோடு வாசலில் வந்து அமர்வார். வழியில் போகிறவர்கள் சாப்பிட அழைத்தால், இப்போதுதான் சாப்பிட்டேன் என்பார்.

இந்த இடத்தில் யங்குபாவின் குரல் சற்றுத் தடுமாறியது. திடா இரும்புத் தடியைத் தட்டினார். குரல் நேரானது.

ஆற்றோரத்தில் இருந்த ஜட்டாவின் களஞ்சியத்தில் கொஞ்சம் கம்பு மிஞ்சியிருந்தது. அவர் சன்யாங்கின் புகையைப் பார்த்தார். அந்தப் புகையில் குழம்பின் மணம் இல்லை. ஒரு மூட்டைக் கம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரக்கப்பட்டுக் கொடுத்தால் சன்யாங் வாங்க மாட்டார் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே வாசலில் நின்று கழுதைபோல் கத்தினார். என் கழுதைகளுக்குத் தீனி கொண்டுவந்திருக்கிறேன், அவை எந்த வீட்டில் இருக்கின்றன என்று கேட்டார்.

சன்யாங் எழுந்தார். சினம் கொள்ளலாம் என்றால், கேலி உறவில் அதற்கு வழக்கம் இல்லை. மறுக்கலாம் என்றால், அதற்கும் வழக்கம் இல்லை. இங்கே கழுதைகள் இல்லை என்று சொல்லலாம். ஆனால் சொன்னால் மூட்டை வந்த வழியே போய்விடும். அவருக்குப் பின்னால் கதவிடுக்கில் அவருடைய பிள்ளைகள் நின்றார்கள். அவர் வாயிலிருந்த குச்சியை எடுத்தார்.

இந்த வீட்டில்தான், என்றார். இரு கைகளையும் நீட்டினார்.

அந்த ஆண்டு பல ஊர்கள் பெயரே இல்லாமல் போயின. இந்த ஊருக்கு இந்தப் பெயர் வந்தது.

கோரா நின்றது.

"யங்குபா," என்றார் துமானி.

"தலைவரே."

"இதில் அரசர் வரவில்லையே."

"வரவில்லை, தலைவரே."

"குதிரைகள்?"

"ஒன்றுகூட இல்லை."

"ஆக, என் முன்னோர் கழுதைத் தீனி தின்றவர் என்று ஊர்க்கூட்டத்தில் பாடுகிறீர்."

"ஆம், தலைவரே." யங்குபா கோராவைக் கீழே வைக்கவில்லை.

துமானி கௌசுவின் பக்கம் திரும்பினார். "ஜட்டா, இது உமக்குத் தெரியுமா?"

கௌசு ஜட்டா அப்போது கேலி செய்யவில்லை. "எனக்கு இந்தக் கதை தெரியாது, தலைவரே. நான் சிறுவனாக இருந்தபோது, சன்யாங் வீட்டுக்கு ஏன் வெறுங்கையோடு போகக் கூடாது என்று என் தந்தையிடம் கேட்டேன். கழுதைகளுக்குப் பசிக்கும் என்றார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னாரா என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். சிரிக்கவில்லை."

பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பழைய குரலுக்குத் திரும்பினார். "ஆனால் ஒன்று. ஊர்ப்பெயரை அரசன் வீடு என்று மாற்றிவிட்டால் இனிமேல் நான் கம்பு கொண்டுவர முடியாது. அரசன் வீட்டுக்குக் கொண்டுபோனால் அது வரி. ஜட்டாக்கள் யாருக்கும் வரி கட்டுவதில்லை. அதிலும் கழுதைகளுக்கு."

யாரோ சிரித்தார்கள். துமானி சிரிக்கவில்லை. அவர் தம் கைகளைப் பார்த்தார். கம்பு அப்படியே இருந்தது. ஒரு மணியும் சிந்தவில்லை. இவ்வளவு நேரமும் அவர் அதைச் சிந்தாமல் பிடித்திருந்தார். அது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

பலகை எழுதுபவர் மெதுவாகக் கேட்டார். "தலைவரே, வண்ணம் காய்கிறது. எந்தப் பெயரை எழுதட்டும்?"

"ஃபலிகுண்டா."

எழுதினார். "கீழே பொருள்?"

"கழுதைகள் இருக்கும் வீடு."

எழுதினார். பிறகு தலையைச் சாய்த்துப் பலகையைப் பார்த்தார். "இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது, தலைவரே."

துமானி சன்யாங் சற்று யோசித்தார். "தீனி கொண்டு வரவும் என்று எழுது," என்றார்.

கூட்டம் கலைந்தது. யங்குபாவின் தோளில் வெள்ளைத் துணி போர்த்தப்பட்டிருந்தது. ஊரின் பாணர் அணியும் துணி. தென்கரைப் பாணருக்கு ஆள் அனுப்பி, அரசனைத் தேட வேண்டியதில்லை என்று சொன்னார்கள். அவர் அதற்குள் இரண்டு அரசர்களைக் கண்டுபிடித்திருந்ததாகப் பின்னர் தெரிந்தது.

திடா தம் ஊருக்குப் புறப்பட்டார். யங்குபா சாலை வரை உடன் நடந்தார். புதிய பலகையைத் தாண்டியதும் நின்றார். வாயில் வழக்கமான பல்குச்சி இருந்தது.

"அம்மா, ஒன்று கேட்கலாமா?"

"கேளுங்கள்."

"இந்தக் கதையை நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. வேறு யாரும் சொல்லவில்லை. நேற்று வீட்டுக்கு நடக்கும்போது அது தானாகவே வந்தது. ஊர் முழுவதும் நம்பிவிட்டது, பலகையிலும் எழுதிவிட்டார்கள். உண்மையிலேயே அப்படித்தான் நடந்ததா?"

திடா இரும்புத் தடியைத் துணியில் சுற்றினார். "ஆளுநருக்குத் தீனி போதுமா, அண்ணா?"

யங்குபா வாயிலிருந்த பல்குச்சியை எடுத்துச் சாலையோரத்தில் எறிந்தார்.

"போதாது, அம்மா."

"அறுவடைக்கு எவ்வளவு நாள் இருக்கிறது?"

"ஐந்து வாரம்."

"வீட்டில் எத்தனை கழுதைகள்?"

"நான்கு காலில் ஒன்று. இரண்டு காலில் இரண்டு. இப்படிச் சொன்னேன் என்று ஞாலிங்கிடம் சொல்லிவிடாதீர்கள்."

"சொல்லமாட்டேன். நாளைக் காலையில் இன்னொரு மூட்டை வரும்."

யங்குபா இரு கைகளையும் நீட்டினார். கைகளில் ஒன்றும் விழவில்லை. இருந்தாலும் அவர் அவற்றை உடனே மடக்கிக்கொள்ளவில்லை.

திடா அந்தக் கைகளைப் பார்த்தார்.

"அப்படியென்றால் நடந்ததுதான், அண்ணா," என்றார்.